ஆன்லைனில் தள்ளுபடி விலைக்கு ஒரிஜினல் கார் பாகங்கள்: புதுச்சேரி, கடலூர் கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சர்வீஸ் சென்டரில் ஒரு விலை, மெக்கானிக் ஷெட்டில் ஒரு விலை, போனைத் திறந்தால் அதில் பாதி விலை. இதைப் பார்த்துவிட்டு "வாங்கலாமா?" என்று கேட்கிற எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: விலை ஏன் குறைகிறது என்று தெரியுமா? உண்மையான தள்ளுபடிக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கம்பெனி ஒரிஜினல், ஓஇஎம், லோக்கல், டூப்ளிகேட் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என்ன வித்தியாசம்?

கார் கம்பெனிகள் எல்லாப் பாகங்களையும் தாங்களே செய்வதில்லை. பிரேக், கிளட்ச், ஃபில்டர், விளக்கு, ஷாக் அப்சார்பர் எல்லாவற்றுக்கும் தனித்தனி நிறுவனங்கள் உண்டு. நமக்குப் பக்கத்தில் சென்னை பாடியிலேயே பிரேக்ஸ் இந்தியா பிரேக் செய்கிறது, லூகாஸ் டிவிஎஸ் ஆல்டர்நேட்டரும் செல்ஃப் மோட்டாரும் செய்கிறது. இப்படிப்பட்ட நிறுவனங்களின் சரக்கு மூன்று வழியில் வெளியே போகும். நேராகக் கார் தொழிற்சாலைக்குப் போவது ஒன்று. கார் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டியில் சர்வீஸ் சென்டருக்குப் போவது இன்னொன்று. இதைத்தான் கம்பெனி ஒரிஜினல் என்கிறோம். தயாரித்தவரின் சொந்தப் பெட்டியில் ஸ்பேர்ஸ் கடைக்கு வருவது மூன்றாவது. கடைக்காரர்கள் இதை ஓஇஎம் என்பார்கள்.

லோக்கல் என்பது வேறு யாரோ, தங்கள் சொந்தப் பெயரில், அதே அளவில் செய்து விற்பது. நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு. ஆனால் அது ஏமாற்று வேலை அல்ல. பெயர் வெளிப்படையாக இருக்கிறது, வாங்குவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். டூப்ளிகேட்தான் குற்றம்: அடுத்தவர் பெயரையும் பெட்டியையும் அச்சடித்து உள்ளே கண்டதைப் போட்டு விற்பது. வணிகச் சின்னங்கள் சட்டம் 1999-இன்படி இதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

ஆன்லைனில் குழப்பம் வருவதற்குக் காரணம், இந்த நான்கையும் 'ஒரிஜினல்', 'ஜெனுயின்' என்ற ஒரே தலைப்பில் போட்டு விற்பதுதான். தலைப்பை நம்பாதீர்கள். பெட்டியில் யார் பெயர் இருக்கிறது, பார்ட் நம்பர் என்ன, இந்த இரண்டையும் பாருங்கள்.

உண்மையான ஒரிஜினல் எப்படித் தள்ளுபடியில் வரும்?

நியாயமான காரணங்கள் சில உண்டு. டீலருக்குக் கிடைக்கும் கமிஷனில் ஒரு பங்கை ஆன்லைன் விற்பனையாளர் விட்டுக்கொடுப்பார். அவருக்கு நூறடிச் சாலையில் கடை வாடகை கிடையாது. ஓடாத சரக்கு கிடங்கில் வருஷக்கணக்கில் கிடந்தால், முடங்கிய பணம் வந்தால் போதும் என்று தள்ளிவிடுவார்கள். பெட்டி நசுங்கியிருக்கும், உள்ளே பாகம் நன்றாக இருக்கும். அல்லது கம்பெனி பெட்டிக்குப் பதிலாக அதே தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியாக இருக்கும்.

இன்னொன்று வரி. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன பாகங்களுக்கும் ஜிஎஸ்டி ஒரே சீராக 18 சதவீதம். அதற்கு முன் பெரும்பாலான பாகங்களுக்கு 28. வரி இல்லாமல் 100 ரூபாய் உள்ள பாகம் அப்போது 128, இப்போது 118. அதாவது ஏறக்குறைய 8 சதவீதம் தானாகவே குறைந்திருக்க வேண்டும். பழைய எம்ஆர்பி ஸ்டிக்கரைக் காட்டி "8 சதவீதம் தள்ளுபடி" என்று ஒருவர் சொன்னால், அவர் தன் கையிலிருந்து எதையும் குறைக்கவில்லை.

எம்ஆர்பியிலிருந்து 10, 15 சதவீதம் குறைந்தால் நான் சந்தேகப்பட மாட்டேன். 25-ஐத் தாண்டினால் விற்பவரிடம் காரணம் கேட்பேன். பாதி விலைக்கு யாராவது கம்பெனி பெட்டியில் பிரேக் பேட் தருகிறேன் என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன்.

70 சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருக்கிறதே?

எந்த விலையிலிருந்து 70 என்று பாருங்கள். 1,250 ரூபாய் எம்ஆர்பி உள்ள பாகத்துக்கு மேலே 4,000 என்று எழுதி, அதை அடித்துவிட்டு, கீழே 1,200 என்று போடுவது பழக்கமான வித்தை. பார்ட் நம்பரைக் குறித்துக்கொண்டு உங்கள் டீலரின் பார்ட்ஸ் கவுண்டருக்குப் போன் செய்து எம்ஆர்பி கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. அந்த எம்ஆர்பியை வைத்துக்கொண்டுதான் எந்தத் தள்ளுபடியையும் கணக்குப் போட வேண்டும். எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் "ஜிஎஸ்டி தனி" என்று கேட்பது சட்டப்படி தவறு.

பார்ட் நம்பரை எங்கே கண்டுபிடிப்பது? கார் மாடல் பெயர் போதாதா?

போதாது. இங்கேதான் நிறைய பேருக்குப் பணம் வீணாகிறது. பாகம் ஒரிஜினலாகவே வரும், ஆனால் காருக்குப் பொருந்தாது.

ஒரே பெயரில் ஓடும் கார் நடுவில் எத்தனையோ தடவை மாறுகிறது. 2014-இல் வாங்கிய ஸ்விஃப்ட் என்று மட்டும் சொல்லி முன் பம்பர் தேடினால் இரண்டு வகை வரும். அந்த ஆண்டு அக்டோபரில் முன்பக்கத்தை மாற்றினார்கள். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் கிளட்ச் வேறு. ஒரே காரிலேயே ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் பிரேக் பாகங்கள் மாறலாம்.

ஆகவே ஆர்சி புத்தகத்தில் உள்ள 17 எழுத்து சேசிஸ் நம்பரிலிருந்து தொடங்குங்கள். மாருதி என்றால் எம்ஏ3, ஹூண்டாய் என்றால் எம்ஏஎல், டாடா என்றால் எம்ஏடி, மஹிந்திரா என்றால் எம்ஏ1 என்று பெரும்பாலும் தொடங்கும். ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. ஓ மாதிரி தெரிந்தால் அது பூஜ்யம்தான். இந்த எண்ணைச் சொன்னால் டீலரின் பார்ட்ஸ் கவுண்டரில் உங்கள் வண்டிக்கு உரிய பார்ட் நம்பரை எடுத்துவிடுவார்கள். பழைய பாகத்தைக் கழற்றிய பிறகு வாங்குவதாக இருந்தால், அதன் மேலேயே பல சமயம் எண் பொறித்திருக்கும். துடைத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் குழப்பம் வரும். கடைசி எண் மட்டும் வேறாக வந்தால் உடனே டூப்ளிகேட் என்று முடிவு கட்ட வேண்டாம். கம்பெனிகள் பாகத்தைத் திருத்தும்போது எண்ணையும் மாற்றும். ஹூண்டாய் ஆயில் ஃபில்டரில் 26300-35503 என்ற எண்ணுக்குப் பிறகு 35504, 35505 என்று வந்தன. பழைய எண்ணுக்குப் பதில் எந்தப் புது எண் என்று டீலரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

விற்பவர் நம்பகமானவரா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அமேசான், பிளிப்கார்ட் போன்ற தளங்களில் உங்களுக்கு விற்பது பெரும்பாலும் அந்தத் தளம் அல்ல. அதில் கடை போட்டிருக்கும் ஏதோ ஒரு விற்பனையாளர். ஒரே பொருளின் பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள், கீழே உள்ள விமர்சனங்களோ எல்லோருக்கும் பொதுவாகச் சேர்ந்து கிடக்கும். 4.5 நட்சத்திரம் வாங்கித் தந்தவர் ஒருவர், இன்றைக்கு உங்களுக்கு அனுப்புகிறவர் வேறொருவர் என்று ஆகலாம். அதனால் பொருளின் நட்சத்திரத்தைவிட விற்பவரின் பெயரை அழுத்தி, அவருடைய பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். மோசமான விமர்சனங்களை முதலில் படியுங்கள். "பெட்டி வேறு மாதிரி இருந்தது", "ஸ்டிக்கர் இல்லை" என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தால் அதுவே போதும்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விற்பவரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவற்றைத் தளம் காட்டியாக வேண்டும். எந்த நாட்டில் தயாரானது என்பதையும் காட்ட வேண்டும். இவை இல்லாத பக்கத்தில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்து ஜிஎஸ்டி எண். 15 எழுத்து இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, கர்நாடகா 29, மகாராஷ்டிரா 27, டெல்லி 07. ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும், லாகின் இல்லாமலே, இந்த எண்ணைப் போட்டுத் தேடலாம். நிறுவனத்தின் பெயர், முகவரி, பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா எல்லாம் வரும். சென்னை முகவரி போட்டுவிட்டு எண் 07 என்று தொடங்கினால், ஏன் என்று கேளுங்கள். டெல்லியிலிருந்து வருவதாலேயே சரக்கு கெட்டது என்று அர்த்தமில்லை. காஷ்மீரி கேட்டும் கரோல் பாக்கும் பெரிய ஸ்பேர்ஸ் சந்தைகள். முகவரியும் எண்ணும் ஒன்றுக்கொன்று ஒத்துவர வேண்டும், அவ்வளவுதான்.

புதுச்சேரியில் வாங்கினால் வரி குறைவு என்கிறார்களே? கடலூரிலிருந்து அங்கே போய் வாங்கலாமா?

அது 2017 ஜூலை 1-க்கு முந்தைய கதை. ஜிஎஸ்டி வந்தபின் மஞ்சக்குப்பத்தில் வாங்கினாலும் முதலியார்பேட்டையில் வாங்கினாலும் பாகத்துக்கு வரி ஒன்றுதான். பெட்ரோல், டீசல் ஜிஎஸ்டிக்குள் வராததால் அவற்றில்தான் இன்னும் விலை வித்தியாசம் இருக்கிறது. புதுச்சேரியில் கடைகள் அதிகம், பல கம்பெனிகளின் டீலர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகப் போகலாம்.

எதை ஆன்லைனில் வாங்கலாம், எதைக் கூடாது?

பாகம் பழுதானால் என்ன நடக்கும் என்று யோசித்தால் பாதி பதில் கிடைத்துவிடும். வைப்பர் பிளேடு, ஏசி ஃபில்டர், ஏர் ஃபில்டர், பல்பு, மேட், சைடு மிரர், கதவுக் கைப்பிடி, பம்பர் கிளிப் இவையெல்லாம் தாராளமாக வாங்கலாம். மட்டமாக வந்தாலும் கண்ணுக்குத் தெரியும், உயிருக்கு ஆபத்தில்லை. முன் கண்ணாடியோ ஜன்னல் கண்ணாடியோ வாங்கினால் ஐஎஸ் 2553 எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். டயரில் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் தயாரானது. வெகுநாள் கிடந்த டயரைத் தள்ளுபடியில் தள்ளிவிடுவது சகஜம், அதனால் விற்பனைப் பக்கத்தில் தேதி போடாத விற்பனையாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் பேட், ஷாக் அப்சார்பர், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், பேரிங் இந்த வகையில் கவனம் வேண்டும். தயாரிப்பாளரே நடத்தும் கடைப்பக்கம், அல்லது நீங்கள் ஏற்கெனவே வாங்கிச் சரிபார்த்த விற்பனையாளர் என்றால் வாங்கலாம். எங்கே விலை குறைவோ அங்கே என்று தாவக் கூடாது.

டைமிங் பெல்ட்டை நான் ஆன்லைனில் வாங்கவே மாட்டேன். ரப்பர் பாகம்; எந்தக் கிடங்கில், எந்த வெயிலில், எத்தனை நாள் கிடந்ததென்று தெரியாது. ஓடும்போது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சின் செலவு தலையில் விழும்.

ஏர்பேக், சீட் பெல்ட், ஸ்டியரிங் பாகங்கள்: கூடாது. இதில் விவாதமே வேண்டாம். விபத்து நடக்கிற அந்த ஒரு நொடியில்தான் ஏர்பேக் நல்லதா கெட்டதா என்று தெரியும். முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க உங்களுக்கோ மெக்கானிக்குக்கோ வழி கிடையாது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இசியூ போன்ற மின்னணுப் பெட்டிகளும் அப்படித்தான். பலவற்றை வண்டியின் சாவியோடும் சேசிஸ் நம்பரோடும் கம்ப்யூட்டர் வைத்து இணைத்தால்தான் வேலை செய்யும். பெட்டி ஒரிஜினலாகவே இருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

பார்சல் வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பார்சலின் முகவரி ஸ்டிக்கர், ஒட்டிய டேப், உள்ளே உள்ள பெட்டி, அதன் லேபிள், பாகம் என்று வெட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். பிறகு லேபிளைப் படியுங்கள். பார்ட் நம்பர், எம்ஆர்பி, தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரித்தவர் அல்லது பேக் செய்தவரின் முகவரி, புகார் எண் ஆகியவை இருக்க வேண்டும். பில்லில் உள்ள பார்ட் நம்பரும் லேபிளில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். கம்பெனி ஹாலோகிராம் இருந்தால் பெட்டியைச் சாய்த்துப் பாருங்கள். நிறமும் உருவமும் மாற வேண்டும். வெறும் வெள்ளிக் காகிதம் மாதிரி மின்னினால் சந்தேகம்தான்.

எல்லாம் சரி என்று தெரியும் வரை காரில் மாட்டக் கூடாது. மாட்டிவிட்டால் பல இடங்களில் ரிட்டர்ன் எடுக்க மாட்டார்கள். ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் மெக்கானிக்கிடம் நேரம் கிடைக்குமா என்பதையும் ஆர்டர் போடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி அச்சு அசல் மாதிரியே இருக்கிறது. பாகத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்டியை அச்சடிப்பது சுலபம். பாகத்தை அதே மாதிரி செய்யத்தான் பணம் செலவாகும், டூப்ளிகேட் செய்பவர் அந்தச் செலவைத்தான் மிச்சம் பிடிக்கிறார். அதனால் பாகத்தில் தேட வேண்டும்.

ஸ்பார்க் பிளக்கில் பீங்கான் மேல் உள்ள எழுத்து தெளிவாக, நகத்தால் சுரண்டினால் போகாமல் இருக்க வேண்டும். மரை வழுவழுப்பாக, பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும். என்ஜிகே பிளக்கில் உள்ள வாஷர் கையால் சட்டென்று கழன்று வராது. இரிடியம் என்று விற்றால் நடு முனையைப் பாருங்கள்: என்ஜிகே இரிடியம் ஐஎக்ஸில் அது 0.6 மில்லிமீட்டர் தடிமன்தான், டென்சோ இரிடியம் பவரில் 0.4. தடித்த முனை இருந்தால் அது இரிடியமே அல்ல.

ஆயில் ஃபில்டரில் நடு ஓட்டையைச் சுற்றியுள்ள சின்ன ஓட்டைகளுக்குள் பாருங்கள். பல ஃபில்டர்களில் அங்கே ஒரு ரப்பர் வளையம் தெரியும். வண்டியை நிறுத்தியபின் ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் அது தடுக்கிறது. அது இல்லாவிட்டாலும் விறைத்துப் போயிருந்தாலும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி எஞ்சின் ஆயில் இல்லாமல் தேய்ந்துகொண்டிருக்கும். 'டக டக' என்று கேட்கும் அந்தச் சத்தம் ஒவ்வொரு நாளும் எஞ்சினின் ஆயுளைக் குறைக்கிற சத்தம். உள்ளே உள்ள தாளையும் பைபாஸ் வால்வையும் வெட்டிப் பார்க்காமல் அறிய முடியாது, அதனால்தான் ஃபில்டரை எங்கிருந்து வாங்குகிறோம் என்பது இவ்வளவு முக்கியம்.

பிரேக் பேடில் உராயும் பகுதியும் இரும்புத் தகடும் சேரும் கோட்டைப் பாருங்கள். இடைவெளி, வெடிப்பு, ஓரத்தில் உதிர்ந்த இடம் இருந்தால் ஒதுக்குங்கள். நான்கு பேடும் ஒரே நிறம், ஒரே தடிமன், ஒரே பேட்ச் எண்ணாக இருக்க வேண்டும். பல பேடுகளின் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உள்ள பிடிப்பு, இரண்டாவது பிரேக் நன்றாகச் சூடான பிறகு உள்ள பிடிப்பு. எஃப் என்றால் உராய்வுக் கெழு 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55, இ என்றால் 0.25 முதல் 0.35 வரை. கழற்றிய பழைய ஒரிஜினல் பேடில் எஃப்எஃப் என்றும் புதியதில் இஇ என்றும் இருந்தால், இரண்டும் ஒரே பேடாக இருக்க முடியாது. ஈசிஆரில் வேகமாகப் போகும்போது ஆட்டோ குறுக்கே திரும்பினால் வண்டி எங்கே நிற்கும் என்பதை இந்த எழுத்துகள் மாற்றிவிடும்.

பேரிங்குக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. எஸ்கேஎஃப் நிறுவனத்துக்கு ஆத்தென்டிகேட் என்ற ஆப் உண்டு. பேரிங்கையும் பெட்டியையும் படம் எடுத்து அனுப்பினால் அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களின் பாகங்களைப் புதியது என்று விற்பார்களா?

இந்தப் பயம் நம் ஊரில் நியாயமானதுதான். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த ஒன்றிரண்டு நாளில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரையும் மூழ்கடித்தது. இப்படி மூழ்கிய வண்டிகள் பழைய இரும்புக்குப் போகும்போது நல்ல நிலையில் தெரியும் பாகங்களைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். கதவு, பானெட், சக்கரம் என்றால் செகண்ட் ஹேண்ட் என்று சொல்லி விற்கட்டும், குறையில்லை. ஆல்டர்நேட்டர், செல்ஃப் மோட்டார், ஏபிஎஸ் யூனிட், சென்சார், வயரிங் இவைதான் ஆபத்து. அன்றைக்கு ஓடும், சில மாதத்தில் உள்ளே அரித்து நிற்கும்.

இணைக்கும் முனையில் பச்சைக் களிம்பு, ஸ்குரூ ஓட்டைக்குள் காய்ந்த வண்டல், பிளாஸ்டிக் பளபளக்க பக்கத்தில் உள்ள இரும்புக் கிளிப் மட்டும் துருப்பிடித்திருப்பது ஆகியவற்றைத் தேடுங்கள். பெட்டி இல்லாமல், வெறும் பபிள் ஷீட்டில் சுற்றி, "பாக்ஸ் இல்லாத புதுசு" என்று வரும் மின்பாகத்தை வாங்காதீர்கள்.

உப்புக் காற்றுக்கு எது தாங்கும்?

கடற்கரை ஊர்களில் சைலன்சர், பிரேக் டிஸ்க், லோயர் ஆர்ம், ரேடியேட்டர் இவைதான் முதலில் அடிவாங்கும். இவற்றில் பெயின்ட் அல்லது பூச்சு சீராக இருக்கிறதா என்று பாருங்கள். மட்டமான பாகத்தில் மிச்சம் பிடிக்கப்படும் முதல் செலவு பூச்சுதான். உள்நாட்டு ஊரில் தாக்குப்பிடிக்கும் மலிவுப் பாகம், குருசுக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ நிறுத்தும் வண்டியில் சீக்கிரமே உரிந்துபோகும்.

நான் வாங்கிக் கொடுத்த பாகத்தை மாட்ட மாட்டேன் என்கிறார் மெக்கானிக். என்ன செய்வது?

அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பாகத்தில் கடைக்காரர் தரும் கொஞ்சம் லாபத்தையும் சேர்த்துத்தான் அவர் கூலியைக் குறைவாகச் சொல்கிறார். நீங்கள் கொண்டுவந்த பாகம் இரண்டு மாதத்தில் போனால் திட்டு விழப்போவது அவருக்குத்தான். ஆகவே ஆர்டர் போடுவதற்கு முன்பே போய், "அண்ணே, பாகத்தை நானே வாங்கித் தரேன், கூலி எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிடுங்கள். கொஞ்சம் கூடுதலாகச் சொன்னால் கொடுங்கள். பார்சல் வந்ததும் அவரிடமே காட்டுங்கள். தினமும் இதே பாகத்தைத் தொடும் கைக்குத் தெரிவது ஹாலோகிராமுக்குத் தெரியாது. "இது சரியில்ல தம்பி" என்று அவர் சொன்னால், பெரும்பாலும் சரியில்லைதான்.

கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கிளட்ச் பிளேட்டில் 600 ரூபாய் மிச்சம் பிடித்து, அது போய்விட்டால் கியர்பாக்ஸை மறுபடி இறக்கும் கூலி அதைப் போல் பல மடங்கு. கழற்றி மாட்டக் கூலி அதிகமாகும் பாகம் எதிலும் தள்ளுபடி தேடாதீர்கள்.

வெளியில் வாங்கிய பாகத்தைப் போட்டால் கார் வாரண்டி போய்விடுமா?

வெளியே ரிப்பேர் செய்தாலே மொத்த வாரண்டியும் ரத்து என்பது சரியல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்கள் மேல் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களை வெளிச்சந்தைக்கு வரவிடாமல் தடுத்தார்கள் என்பதுதான் வழக்கு. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக முழு வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றது அந்த உத்தரவு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் இன்று நாம் கடையில் கம்பெனிப் பாகத்தைக் கேட்டு வாங்க முடிவதற்குப் பின்னால் இந்த வழக்குக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

நடைமுறையில் என் யோசனை: வாரண்டி இருக்கும்வரை எஞ்சின், கியர்பாக்ஸ், மின்சாரம் தொடர்பான எதையும் வெளியில் தொடாதீர்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், சேதம் எதனால் வந்தது என்ற வாதத்தில் மாதக்கணக்கில் வண்டி நிற்கும். வைப்பருக்கும் மேட்டுக்கும் இந்தக் கவலை வேண்டாம்.

இன்சூரன்ஸ் கிளெய்மில் நானே பாகம் வாங்கிக் கொடுக்கலாமா?

கேஷ்லெஸ் என்றால் ஒர்க்ஷாப்பே வாங்கும். நீங்கள் குறுக்கே போக வேண்டாம். பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறும் முறை என்றால், வாங்குவதற்கு முன் சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயரிடம் கேட்டு, ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பில் உங்கள் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடும் பார்ட் நம்பரோடும் இருக்க வேண்டும். சாதாரண பாலிசியில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்குப் பாதி விலைதான் தருவார்கள், ஃபைபருக்கு 30 சதவீதம் கழிப்பார்கள். பம்பரில் உங்கள் கைக்காசு போவது அதனால்தான்.

என்னுடையது ஃபோர்டு. கம்பெனியே போய்விட்டதே, எங்கே தேடுவது?

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகரில் தயாரான எகோஸ்போர்ட்டும் பழைய ஃபிகோவும் நம் பக்கத்தில் இன்னும் நிறைய ஓடுகின்றன. தயாரிப்பு நின்றாலும் பாகமும் சர்வீஸும் தருவதாக நிறுவனம் சொன்னது, அதனால் முதலில் அவர்களின் சர்வீஸ் சென்டரிலேயே கேளுங்கள். செவர்லே கார்களின் விற்பனை 2017-உடன் நின்றது. அந்தக் கார்களுக்கு ஆன்லைன்தான் பல சமயம் ஒரே வழி.

இவற்றுக்கு நான் சொல்லும் முறை கொஞ்சம் வேறு. கம்பெனி பெட்டியையே பிடித்துக்கொண்டு தேடாமல், அந்தப் பாகத்தைச் செய்து தந்தவர் யார் என்று பாருங்கள். கழற்றிய பாகத்தின் மேல் வாலியோ, பாஷ், மாலே என்று ஏதோ ஒரு பெயர் இருக்கும். அந்தத் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் தேடினால் பல பாகங்கள் கிடைக்கும். கிடைக்காதவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டை பழைய பாகச் சந்தை இருக்கிறது. நேரில் போய், பழைய பாகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்கலாம். அரிதாகக் கிடைக்கும் பாகத்துக்கு மலிவு விலை போட்டிருந்தால் இரட்டிப்புச் சந்தேகம் வேண்டும். தட்டுப்பாடு உள்ள பொருளை யாரும் காரணமில்லாமல் குறைத்து விற்பதில்லை.

வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் "டீலர் ஸ்டாக் கிளியரன்ஸ்" என்று வருகிறது. முன்பணம் ஜிபே செய்யச் சொல்கிறார்கள்.

செய்யாதீர்கள். பில், ரிட்டர்ன், விற்பவரின் முகவரி எதுவும் அங்கே இல்லை. ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.

டூப்ளிகேட்தான் வந்திருக்கிறது. ரிட்டர்ன் கிடையாது என்கிறார்கள். என்ன வழி?

'நோ ரிட்டர்ன்' என்று போட்டிருந்தாலும் பரவாயில்லை. குறைபாடுள்ள, போலியான, அல்லது விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது என்பது 2020 மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. இந்த வரியைக் குறிப்பிட்டு, வீடியோவும் போட்டோவும் சேர்த்து, தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போனில் பேசிக்கொண்டே இருக்காதீர்கள். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது கடலூரிலோ புதுச்சேரியிலோ வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த பெரிய வசதி இது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

எந்தக் கம்பெனியின் பெயரில் போலி வந்ததோ அந்தக் கம்பெனிக்கும் படத்தோடு எழுதுங்கள். தங்கள் பெயர் கெடுகிறது என்றால் அவர்கள் விற்பவரைச் சும்மா விட மாட்டார்கள். டீலரிடம் பாகத்தைக் காட்டி, அது தங்கள் கம்பெனியுடையது அல்ல என்று எழுதி வாங்க முடிந்தால் ஆணையத்தில் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

பழைய பாகத்தையும் காலிப் பெட்டியையும் என்ன செய்வது?

பழைய பாகத்தை உடனே மெக்கானிக் ஷெட்டில் விட்டுவிட வேண்டாம். புதியது கொஞ்ச நாள் பிரச்சினை இல்லாமல் ஓடட்டும். ஒப்பிடவும், அவசரத்துக்குத் திரும்ப மாட்டவும் அது உதவும். பேட்டரி மட்டும் விதிவிலக்கு: புதியது வாங்கும்போதே கடையில் பழையதைக் கொடுத்து அதற்கான தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

காலிப் பெட்டியை ரிட்டர்ன் நாளும் வாரண்டி காலமும் முடியும்வரை பில்லோடு வையுங்கள். பிறகு ஹாலோகிராமையும் லேபிளையும் கிழித்து, பெட்டியை இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்ட ஒரிஜினல் பெட்டியைப் பொறுக்கி எடுத்து, உள்ளே டூப்ளிகேட்டை வைத்து மறுபடி விற்க முடியும். ஆயில் கேனுக்கும் இதேதான்: மூடியைத் தனியாக எறிந்துவிட்டு, கேனில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள்.